கடைசி வாக்கியம் வரை: வணக்கத்துக்குரிய புனித பீட்

ஆண்டுதோறும் மே மாதம் 25-ம் நாள் நம் தாயாம் திருச்சபை ஓர் எளிய துறவியை நினைவுகூர்கிறது. அவர் அரசருமல்லர், வேதசாட்சியுமல்லர். கடல் கடந்து சென்று மறை பரப்பியவருமல்லர். 7 வயதில் ஒரு மடத்தினுள் நுழைந்து, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே செபித்து, படித்து, எழுதி, கற்பித்து, அங்கேயே கண் மூடியவர். அவரே வணக்கத்துக்குரிய பீட். ஜூபிலி நாட்களில் ஆலயம் எழுப்பிய முன்னோரை நன்றியோடு எண்ணிப் பார்க்கிறோம். அந்த ஆலயத்தில் நாம் கேட்கும் வேத வார்த்தையைப் பேணிக் காத்து நமக்குத் தந்தவர்களையும் எண்ணிப் பார்ப்பது முறையன்றோ?

இங்கிலாந்தின் வடபகுதியில் அந்நாளில் நார்தம்பிரியா என்றோர் அரசு இருந்தது. அங்கே ஏறக்குறைய 673-ம் ஆண்டில் பீட் பிறந்தார். 674-ல் பெனடிக்ட் பிஸ்கப் என்னும் மடாதிபதி வேர்மவுத் என்ற இடத்தில் புனித இராயப்பர் பெயரால் ஒரு மடத்தை நிறுவினார். சில ஆண்டுகளில் அருகிலிருந்த ஜாரோவில் புனித சின்னப்பர் பெயரால் இன்னொன்று எழுந்தது. ஜாரோ ஆலயம் 685 ஏப்ரல் 23-ம் நாள் அர்ச்சிக்கப்பட்டது. அந்நாளைப் பொறித்த கல் இன்றும் அவ்வாலயத்தில் இருக்கிறது. பெனடிக்ட் பிஸ்கப் பலமுறை உரோமைக்குப் பயணம் செய்தவர். அங்கிருந்து திரும்பும்போதெல்லாம் புத்தகங்களையும் திருப்படங்களையும் கொண்டுவந்தார். பீட் தம் வாழ்நாளில் நெடுந்தூரம் எங்கும் சென்றதில்லை. ஆயினும் அவருடைய மடாதிபதி அலைந்து திரிந்து சேர்த்த நூல்களால் உலகமே அவர் அறைக்கு வந்தது எனலாம்.

686-ம் ஆண்டில் கொள்ளைநோய் ஜாரோ மடத்தைத் தாக்கியது. பாடற்குழுவில் நின்று சங்கீதம் பாடத் தெரிந்த துறவிகள் எல்லாரும் மாண்டனர். எஞ்சியவர்கள் மடாதிபதி செயோல்பிரித்தும் ஒரு சிறுவனும் மட்டுமே. இருவரால் முடியாதென்று செப முறையைச் சில நாட்கள் சுருக்கிப் பார்த்தார்கள். மடாதிபதிக்கு மனம் பொறுக்கவில்லை. கண்ணீரோடு பழையபடி முழுவதையும் இருவருமே பாடத் தொடங்கினர். பழைய வரலாற்று நூல் அச்சிறுவனின் பெயரைக் கூறவில்லை. ஆனால் அவன் பீட்தான் என்பது வழிவழியாக வந்த கருத்து.

பீட் 19 வயதில் தியாக்கோனாகவும் 30 வயதில் குருவாகவும் அபிஷேகம் பெற்றார். அந்நாட்களில் அச்சு இயந்திரம் ஏது? ஒரு புத்தகம் வேண்டுமானால் தோலைப் பதப்படுத்தி, மை கூட்டி, ஒவ்வோர் எழுத்தாகக் கையால் எழுதவேண்டும். மடாதிபதி செயோல்பிரித் முழு வேதாகமத்தையும் ஒரே நூலாக அடக்கிய 3 பெரும் பிரதிகளை எழுதச் செய்தார். இரண்டை இரு மடங்களுக்கும் வைத்துவிட்டு, மூன்றாவதைப் பாப்பரசருக்குக் காணிக்கையாக்க 716-ல் தாமே எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 74. வழியில் பிரெஞ்சு நாட்டின் லாங்கர் நகரில் உயிர் நீத்தார். தம்மை வளர்த்த தந்தையைப் பிரிந்த துயரில் பீட் எழுதுகோலைச் சில காலம் கீழே வைத்துவிட்டார். அந்தப் பிரதி இன்று இத்தாலியில் பிளாரன்ஸ் நகர நூலகத்தில் உள்ளது. புனித ஜெரோமின் இலத்தீன் வேதாகமம் முழுமையாகக் காணப்படும் பிரதிகளுள் மிகப் பழமையானது இதுவே.

பீட் எழுதிய நூல்கள் பல. 731-ல் முடித்த 'ஆங்கிலேயத் திருச்சபை வரலாறு' அவருக்குப் பெரும் புகழ் தந்தது. கிறிஸ்து பிறந்த ஆண்டிலிருந்து காலத்தைக் கணக்கிடும் வழக்கம் பரவ அவர் நூல்கள் பெரிதும் காரணமாயின. எனினும், தம் வாழ்வின் முழு முயற்சியும் வேதாகமத்தைப் பயில்வதே என்றுதான் அவர் எண்ணினார். ஆதியாகமம், சாமுவேல், எஸ்ரா, தொபியாசு, மாற்கு, லூக்காஸ், அப்போஸ்தலர் பணி, காட்சி ஆகமம் எனப் பல நூல்களுக்கு உரை கண்டார்.

அவருடைய கல்வியில் நாம் கண்டு வியப்பது அறிவை மட்டுமல்ல, நேர்மையையும்தான். லூக்காஸ் நற்செய்திக்கு உரை எழுதியபோது அகுஸ்தீனார், ஜெரோம், அம்புரோஸ், கிரகோரியார் ஆகியோரின் கருத்துக்களை எடுத்தாண்டார். பிறர் சொல்லைத் தம் சொல்லாகக் காட்டியதாகப் பழி வரலாகாது என்று, யார் கருத்து எது என்பதற்கு ஓரத்தில் அடையாள எழுத்துக்களை இட்டார். படியெடுப்பவர்கள் அவற்றை விட்டுவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அப்போஸ்தலர் பணிக்கு இளமையில் எழுதிய உரையைப் பல ஆண்டுகள் கழித்துக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டார். தம் குறைகளைத் திருத்தித் தனி நூலே எழுதினார். பேரறிஞர் எனப் பெயர் பெற்றபின் தம் பிழையைத் தாமே ஊரறியச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

இவ்வளவு கற்றவர் கல்லாதவர்களை மறந்தாரா? இல்லை. 734-ல் யார்க் நகர ஆயர் எக்பர்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், இலத்தீன் அறியாதவர்கள் விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் தங்கள் தாய்மொழியிலேயே கற்கச் செய்யவேண்டும் என்று வற்புறுத்தினார். அவற்றை மொழிபெயர்த்து, இலத்தீன் தெரியாத குருக்கள் பலருக்குத் தாமே கொடுத்ததாகவும் கூறுகிறார்.

அடுத்த ஆண்டு, 735-ல், மூச்சுத்திணறலும் கால் வீக்கமும் அவரை வாட்டின. அந்நிலையிலும் அருளப்பர் நற்செய்தியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வந்தார். அருகிலிருந்த மாணவர் கத்பர்ட் எழுதிய கடிதம் அக்கடைசி நாட்களை நமக்குக் கூறுகிறது. மடத்துக் குருக்களை அழைத்து, தம் சிறு பெட்டியில் இருந்த மிளகையும் துணிகளையும் சாம்பிராணியையும் பகிர்ந்து கொடுத்தார். நம் தென்னாட்டு மலைச்சாரலில் விளையும் மிளகு அந்நாளில் அங்கே அரும்பொருள்! அவருடைய சொத்து அவ்வளவே. ஆண்டவரின் விண்ணேற்றத் திருநாளுக்கு முந்திய மாலையில், இன்னும் ஒரு வாக்கியம் எழுதவேண்டியிருக்கிறது என்று எழுதுகிற சிறுவன் நினைவூட்டினான். பீட் அதைச் சொல்ல, அவன் எழுதி முடித்தான். பின்னர் அறையின் தரையில் அமர்ந்து, பிதாவுக்கும் சுதனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை பாடியபடியே பீட் உயிர் நீத்தார்.

1899-ல் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் அவரைத் திருச்சபையின் வேதபாரகர் என அறிவித்தார். அவருடைய கல்லறை டர்ஹாம் பேராலயத்தில் உள்ளது. ஆனால் அவர் இறுதியாக மொழிபெயர்த்த அந்த ஏடுகள் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன? தாய்மொழியில் எளியோர் கையில் வேத வார்த்தை சேரவேண்டும் என்ற அவர் ஆவல் வீண்போகவில்லை. இன்று நம் இல்லங்களில் தமிழ் வேதாகமம் இருக்கிறது. தோலும் வேண்டாம், மையும் வேண்டாம். கையை நீட்டினால் போதும். இரவு செபத்துக்குப் பின் ஓர் அதிகாரமாவது பிள்ளைகளோடு வாசிப்போமா? ஒரே ஒரு வாக்கியத்துக்காகத் தம் கடைசி மூச்சைச் செலவிட்ட அத்துறவிக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.