பினாட்டும் ஒடியலும்: வடமராட்சியின் பனைச் சேமிப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வடமராட்சியின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறை, பாய்க்கப்பல் கட்டியும் கடல் வாணிபம் செய்தும் பெயர்பெற்ற ஊர். இங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் பின்னர் அமெரிக்கர் ஒருவருக்கு விற்கப்பட்டு, 1938இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறையை அடைந்தது. கடல் வாணிபம் தந்த அரிசியோடு, ஊரைச் சூழ்ந்த பனங்கூடல்களும் வீட்டு அடுப்பைக் காத்தன. ஆவணி, புரட்டாசியில் விழும் பனம்பழம் சில நாளில் புளித்துவிடும். அதை மாதக்கணக்கில் வைத்துண்ண யாழ்ப்பாணத்தார் இரு வழி கண்டனர்.

முதல் வழி பினாட்டு. பழத்தின் தோலை உரித்து, சிறிது நீர் விட்டுப் பிசைந்து, தும்பு நீக்கிக் களியை எடுப்பர். உயரமான பந்தலில் விரித்த ஓலைப்பாயில் அதை ஊற்றிப் பரப்புவர். காய்ந்த படையின் மேல் மறுநாள் இன்னொரு படை ஏறும். முற்றக் காய்ந்த தோல் போன்ற தகட்டை உரித்து வெட்டிப் பெட்டியில் அடைப்பர். பனம்பாணியில் ஊறவைத்தால் அது பாணிப் பினாட்டு. நீர் வற்றி இனிப்புச் செறிவதால் பூஞ்சணம் பிடிப்பதில்லை. ஆனால் பழத்துக்குச் செம்மஞ்சள் நிறம் தரும் கரோட்டினில் ஒரு பகுதி வெயிலில் அழிகிறது. களியின் இயல்பான கைப்பு ஓரளவு எஞ்சும்.

இரண்டாம் வழி கிழங்கு. களி எடுத்த விதைகளைப் பாத்தியில் புதைத்தால், விதையின் உணவு முளைவழி கீழிறங்கி மாச்சத்து நிறைந்த கிழங்காகத் திரள்கிறது. மார்கழி, தையில் கிண்டிய கிழங்கைத் தோலுரித்து, இரண்டாகக் கிழித்து, கொடியில் தொங்கவிட்டுக் காயவைத்தால் ஒடியல். அவித்த பின் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலின் மாச்சத்து பச்சையாகவே நிற்கும். ஒடியலை இடித்த மாவை நீரில் ஊறவைத்து, நீரை வடித்துக் கைப்பு போக்கிக் கூழும் பிட்டும் ஆக்குவர். புழுக்கொடியலில் மாச்சத்து முன்பே வெந்து இறுகியிருக்கும். அதைத் தேங்காய்ச் சொட்டோடு அப்படியே கடித்துண்ணலாம். வெயிலுக்கு முன் நெருப்புப் பட்டதா என்பதே இரண்டையும் பிரிக்கிறது. இரண்டுக்கும் பகை ஈரமும் வண்டும்.

தாவரவியலாளர் வில்லியம் பெர்கூசன் 1850இல் பனையைப் பற்றித் தனிநூலே வெளியிட்டார். 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இலங்கைக்கு வந்த பர்மா அரிசி நின்று, பங்கீடு இறுகியது. கப்பல் வராத காலத்துக்கு உள்ளூர்ச் சேமிப்பின் அருமை அப்போது துலங்கியது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டபின் ஒடியல் மாவும் பினாட்டும் பொதிகளில் கடைக்கு வந்தன. பொதி புதிது, அதனுள் இருப்பதைக் காப்பது அதே வெயில்தான்.