மலையில் ஒரு சுவர், அடிவாரத்தில் ஒரு சுவர்

1896 வரை ஏலமலையில் விளைந்த ஏலக்காய் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகம். அந்த ஆண்டு ஏகபோகம் நீங்கி, நிலத்துக்கு வரி கட்டும் முறை வந்தது. தோட்டம் மேலே, குடும்பமும் வியாபாரமும் கீழே என்று அடிவாரத்துப் போடிநாயக்கனூர்க்காரர்கள் இரண்டு இடத்திலும் கால் வைத்தார்கள். 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயிலும் வந்து சேர்ந்தது. ஏலக்காய்க் காசு புரண்ட அந்தக் காலத்து வீடுகளில் இன்று சன்னல் மாற்ற இறங்குபவர்களுக்குச் சில திகைப்புகள் காத்திருக்கின்றன.

முதல் திகைப்பு சுவரின் கனம். இப்போதைய ஒன்பது அங்குலச் சுவருக்குப் பழகிய கொத்தனார், ஒன்றரை அடிச் சுவரில் உளி வைக்கிறார். தூண், பீம் எதுவும் கிடையாது. மாடியின் பாரம் முழுக்கச் சுவரில்தான். சன்னல் நிலைக்கு மேலே கான்கிரீட் லிண்டலைத் தேடினால் ஒரு மரக்கட்டை கிடைக்கும், அல்லது செங்கல் வளைவு. கட்டையைக் கரையான் தின்று முடித்திருக்கும். வெளியே பெயிண்ட் மட்டும் மர உருவத்தில் நிற்கும். கம்பிகளோ நிலையில் துளையிட்டுக் கோத்தவை. ஒரு கம்பியை உருவ வேண்டுமானால் சட்டத்தையே பிரிக்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் பிரித்தால் மேலே உள்ள நாலு வரிசைச் செங்கல் கூடவே இறங்கிவிடும்.

அடுத்தது பூச்சு. சுண்ணாம்பும் மணலும் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பூசிய சுவர் அது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி, ஆண்டுக்கணக்கில் இறுகி, மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே ஆகிறது. அதில் நுண்துளைகள் உண்டு. தரையிலிருந்து ஏறும் ஈரம் அந்த வழியாக வெளியே போய்விடும்.

அந்த வழியைப் பிற்காலத்துச் சிமெண்ட் அடைத்தது. சென்னையில் 1904-லேயே சிமெண்ட் தயாரிக்கும் முயற்சி நடந்தாலும் அது நிலைக்கவில்லை. கோவை மதுக்கரையில் 1934-லும் நெல்லை தாழையூத்தில் 1949-லும் ஆலைகள் வந்தபிறகுதான் தென்மாவட்டங்களில் சிமெண்ட் தாராளமாகப் புழங்கியது. எனவே பழைய சுவரைக் கொத்தினால் அடுக்கடுக்காகக் காலம் உதிரும்: மேலே எமல்ஷன், அதன்கீழ் டிஸ்டெம்பர், சிமெண்ட் பூச்சு, கடைசியில் நீலம் கலந்த சுண்ணாம்பு வெள்ளை.

சிமெண்ட் பூசிய சுவர் சில வருடம் பளிச்சென்று இருக்கும். பிறகு முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். உதிர்ந்த இடத்தில் மறுபடி சிமெண்டையே அப்புவார்கள். ஈரம் இன்னும் மேலே ஏறும். மெட்ராஸ் டெரஸ் போட்ட வீட்டில் வம்பு அதோடு நிற்காது. அங்கே தேக்குக் கட்டைகளின்மேல் செங்கலைக் குத்தாக நிறுத்தி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, தட்டோடு பதித்திருப்பார்கள். மேலிருந்து மழை கசிந்து சுவருக்குள் இறங்கினால், வெளியேற வழியில்லாமல் கட்டைகளின் நுனியில் தங்கும். நுனி உளுத்துப் போகும். சன்னலுக்கென்று எடுத்து வைத்த பணம் மச்சில் போய் முடிவது அப்படித்தான்.

போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டைத் தாண்டினால் கதை தலைகீழ். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் சுவர் சூட்டை வெளியே விடக் கூடாது. அடுப்பு வெளியே எரியும். தகரக் குழாய்கள் வழியாகச் சூடு உள்ளே ஓடும். தட்டுகளில் பரப்பிய பச்சைக் காயில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். முதல் சில மணி நேரம் மேல் சன்னல்களைத் திறந்து நீராவியை விடுவார்கள். பிறகு இறுக மூடி, ஐம்பது டிகிரியை ஒட்டிய சூட்டில் ஏறக்குறைய ஒரு நாள் வைப்பார்கள். அஞ்சு கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ தேறும். வெயில் பட்டால் பச்சை நிறம் வெளுத்துவிடும், ஏலத்தில் விலை விழும். அதனால்தான் ஸ்டோருக்கு வெளிச்சம் தரும் பெரிய சன்னல் கிடையாது.

எந்திர உலர்த்திகள் வந்தபின் சும்மா கிடக்கும் ஸ்டோரைத் தங்கும் அறையாக மாற்ற நினைப்பவர், சாலையைப் பார்த்து அகலமாகச் சன்னல் திறக்க ஆசைப்படுவார். பாரம் தாங்கும் சுவர் என்பதால் இங்கும் முட்டும் லிண்டலும் முதல் வேலை. புகைக்குழாய் நுழைந்த ஓட்டை பூச்சுக்குள் மறைந்திருக்கும். தட்டிப் பார்த்தால் டொக் டொக்கென்று வெற்றொலி கேட்கும்.

அடிவாரத்து வீட்டுக்கு வைத்தியம் எளிது, பொறுமைதான் வேண்டும். ஓதம் ஏறிய உயரத்துக்குச் சிமெண்டைச் சுரண்டிவிட்டு, செங்கலைச் சில மாதம் வெறுமனே காயவிட வேண்டும். போடிக்கு வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில். அது ஓய்ந்து தை, மாசியில் சுண்ணாம்பு பூசினால் நிதானமாக இறுகும். சித்திரை வெயிலில் பூசினால், நாளெல்லாம் தண்ணீர் தெளித்து ஈரச்சாக்கு தொங்கவிட ஆள் போட வேண்டும். இல்லையென்றால் பூச்சு வெடித்துவிடும்.