மலை மீட்புக் கட்டணம் (நியூ ஹாம்ப்சயர்)

மலை மீட்புக் கட்டணம் என்பது, போதிய முன்னேற்பாடின்றி மலையேறி ஆபத்தில் சிக்கியவரை மீட்பதற்கு ஆகும் செலவை அவரிடமிருந்தே அரசு பெற்றுக்கொள்ளும் முறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தில் இம்முறைக்கு 1999 முதல் சட்டத்தில் இடமுண்டு. தம் கவனக்குறைவால் சிக்கியவருக்காக மற்றவர்கள் ஏன் செலவு செய்ய வேண்டும் என்பது ஒரு சாராரின் கேள்வி. கட்டணத்துக்கு அஞ்சி உதவி கேட்கத் தயங்குபவர் இறக்க நேரிட்டால் யார் பொறுப்பு என்பது மறுசாராரின் கேள்வி. மீட்கச் செல்வோரின் உயிரும் ஆபத்துக்கு உள்ளாவதால் இவ்விவாதம் பணத்தைப் பற்றியதாக மட்டும் இருப்பதில்லை.

புவியியல் பின்னணி

நியூ ஹாம்ப்சயரின் வடபகுதியில் வெள்ளை மலைகள் அமைந்துள்ளன. இவற்றுள் மிக உயர்ந்தது வாசிங்டன் மலை (1,917 மீட்டர்). உயரத்தை மட்டும் கொண்டு பார்த்தால் இது பெரிய மலையன்று. ஆயினும் இதன் வானிலை மிகக் கடுமையானது. 1934 ஏப்ரல் 12 அன்று இதன் உச்சியில் மணிக்கு 372 கி.மீ. வேகத்தில் காற்று வீசியது பதிவானது. 1996இல் ஆத்திரேலியாவின் பரோ தீவில் வீசிய சூறாவளி அதனை விஞ்சும் வரை இதுவே உலகச் சாதனையாக இருந்தது. கோடை மாதங்களிலும் இங்கு பனி பெய்வதுண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இம்மலையிலும் அதனைச் சூழ்ந்த மலைகளிலும் 150க்கும் மேற்பட்டோர் இறந்துள்ளனர்.

உச்சிக்கு 1861இல் சாலையும், 1869இல் பற்சக்கரத் தொடர்வண்டிப் பாதையும் திறக்கப்பட்டன. பாஸ்டன் நகரிலிருந்து சில மணி நேரத்தில் மலையடிவாரத்தை அடைந்துவிடலாம். இவ்வாறு எளிதில் அணுகத்தக்கதாக இருப்பதே, மலையை எளிதானது எனப் பலரும் தவறாக எண்ணுவதற்கு ஒரு காரணமாகும். பருத்தி உடையும் சாதாரணக் காலணியும் அணிந்து, கைவிளக்கோ நிலப்படமோ இன்றிப் புறப்படுவோர் அடிவாரத்து வெயிலை நம்பிச் சென்று உச்சியின் குளிரில் சிக்கிக்கொள்கின்றனர்.

மீட்புப் பணியின் தன்மை

மாநிலத்தின் காடுகளிலும் மலைகளிலும் தேடுதல், மீட்புப் பணிகளுக்கு மீன் மற்றும் வேட்டை விலங்குத் துறை பொறுப்பாக உள்ளது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 200 மீட்புப் பணிகளை இத்துறை மேற்கொள்கின்றது. களத்தில் இறங்குவோரில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் ஆவர். காயமுற்ற ஒருவரைத் தூக்குப்படுக்கையில் வைத்துக் கரடுமுரடான பாதையில் இறக்க ஒரே நேரத்தில் ஆறு பேர் தேவைப்படுகின்றனர். அவர்கள் விரைவில் களைத்துவிடுவதால் மாறி மாறித் தூக்குவதற்குப் பதினெட்டுப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ செல்ல வேண்டியுள்ளது. சில இடங்களில் உலங்கு வானூர்தியும் பயன்படுத்தப்படுகின்றது. எனினும் மோசமான வானிலையில் அது பறக்க இயலாது.

1982 ஆம் ஆண்டு நிகழ்வு

1982 சனவரியில் இரு இளம் மலையேறிகள் வாசிங்டன் மலையில் பனிச்சுவர் ஏறச் சென்றனர். சுமையைக் குறைப்பதற்காக, இரவு தங்கத் தேவையான பொருட்களைக் கீழேயே விட்டுச் சென்றனர். பனிப்புயலில் வழி தவறி, மலையின் மறுபக்கப் பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டனர். அவர்களைத் தேடிச் சென்ற ஆல்பர்ட் டௌ என்னும் தன்னார்வ மீட்பாளர் சனவரி 25 அன்று பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 28. தொலைந்த இருவரும் பின்னர் உயிருடன் கண்டுபிடிக்கப்பட்டனர். அவர்கள் மீது கடும் விமர்சனம் எழுந்தது.

மீட்கப்பட்டவர்களுள் ஒருவர் ஹியூ ஹெர். அப்போது 17 வயதினராக இருந்த அவர், பனிக்கடியால் முழங்காலுக்குக் கீழ் இரு கால்களையும் இழந்தார். பின்னாளில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராகி, செயற்கைக் கால்களை வடிவமைப்பதில் உலகப் புகழ் பெற்றார். டௌவின் மரணமே தம் உழைப்புக்கு உந்துதலாக அமைந்தது என்று அவர் கூறியுள்ளார்.

இந்நிகழ்வு இருதரப்பாரின் வாதங்களுக்கும் பொருந்துகின்றது. ஒருவரின் பிழை மற்றொருவரின் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதை இது காட்டுகின்றது. பிழை செய்தவரும் மீட்கத்தக்கவரே என்பதையும் இதுவே காட்டுகின்றது.

சட்டம்

1999 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆபத்தை அறிந்தும் பொருட்படுத்தாது பொறுப்பற்று நடந்துகொண்டவரிடம் மட்டுமே மீட்புச் செலவைப் பெற முடிந்தது. 2008இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, கவனக்குறைவாக நடந்துகொண்டாலே போதும் என வரையறை விரிவாக்கப்பட்டது. அதே நிலையில் அறிவார்ந்த ஒருவர் எவ்வாறு நடந்துகொண்டிருப்பாரோ அவ்வாறு நடக்கத் தவறுவதே இங்கு கவனக்குறைவு எனப்படுகிறது.

2009இல் வாசிங்டன் மலையில் கணுக்கால் சுளுக்கி மூன்று இரவுகளைத் தனியே கழித்த பதின்ம வயதுச் சாரணர் ஒருவர் மீட்கப்பட்டார். உயிர் பிழைத்த திறமைக்காக முதலில் அவர் பாராட்டப்பட்டார். பின்னர் 25,000 டாலருக்கும் மேற்பட்ட தொகையைச் செலுத்துமாறு அவரிடம் கோரப்பட்டது. இது நாடு முழுவதும் விவாதத்துக்கு உள்ளானது.

2012இல், பலமுறை மூட்டு விலகிய செயற்கை இடுப்பு மூட்டுடன் ஒருவர் மோசமான வானிலை முன்னறிவிப்பையும் மீறித் தனியே மலை முகட்டில் நடந்தார். மூட்டு மீண்டும் விலகியதால் அவரை மீட்க நேர்ந்தது. அவரிடம் 9,000 டாலருக்கும் மேற்பட்ட தொகை கோரப்பட்டது. 2015இல் மாநில உச்ச நீதிமன்றம் இக்கோரிக்கை சரியானதே என்று தீர்ப்பளித்தது.

ஆதரவு வாதங்கள்

மீட்பு நிதிக்கான பணம் நெடுங்காலமாகப் படகு, பனி ஊர்தி, காட்டுவழி ஊர்தி ஆகியவற்றின் பதிவுக் கட்டணத்தில் ஒரு டாலர் வீதம் பெறப்பட்டு வந்தது. ஆனால் மீட்கப்படுவோரில் பெரும்பாலோர் மலையில் நடக்க வருபவர்கள். அவர்கள் இந்நிதிக்கு எதுவும் செலுத்தவில்லை. நிதி அடிக்கடி பற்றாக்குறையில் இருந்தது. எனவே தவறு செய்தவரே செலவை ஏற்பது நியாயம் என்று ஆதரவாளர்கள் கூறுகின்றனர். பிறருக்கு இது எச்சரிக்கையாகவும் அமையும் என்பது அவர்களின் கருத்து.

எதிர் வாதங்கள்

கட்டணத்தை எதிர்ப்போரில் மீட்பாளர்களே முன்னணியில் உள்ளனர் என்பது குறிப்பிடத்தக்கது. 1959இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மலை மீட்புச் சங்கம், கட்டணம் பற்றிய அச்சத்தால் எவரும் உதவி கோருவதைத் தாமதிக்கக் கூடாது என்னும் நிலைப்பாட்டைக் கொண்டுள்ளது. தாமதம், சிக்கியவரை மட்டுமன்றி மீட்பாளரையும் பாதிக்கின்றது. பகலில் எளிதாக முடிந்திருக்கக்கூடிய பணி, இருட்டிய பின்னர் குளிரிலும் காற்றிலும் செய்யப்பட வேண்டியதாகின்றது. மேலும், கவனக்குறைவுக்கும் எதிர்பாராத விபத்துக்கும் இடையிலான எல்லை தெளிவற்றது எனவும் எதிர்ப்பாளர்கள் சுட்டுகின்றனர்.

முன்பணமும் முன்னேற்பாடும்

2015 முதல் நியூ ஹாம்ப்சயர் அரசு "ஹைக் சேஃப்" எனப்படும் அட்டையை விற்பனை செய்கின்றது. அறிமுகமானபோது இதன் ஓராண்டுக் கட்டணம் தனிநபருக்கு 25 டாலராகவும் குடும்பத்துக்கு 35 டாலராகவும் இருந்தது. இத்தொகை மீட்பு நிதிக்குச் செல்கின்றது. அட்டை வைத்திருப்பவர் கவனக்குறைவால் சிக்கினாலும் மீட்புச் செலவைச் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் பொறுப்பற்று நடந்தவருக்கு இப்பாதுகாப்பு இல்லை. வாங்குவது கட்டாயமன்று. பிழை நேர்ந்த பின் தண்டிப்பதற்கு மாறாக, பிழை நேரும் முன்பே மலையேறுவோரிடமிருந்து சிறு பங்களிப்பைப் பெறும் வழி இது எனலாம்.

இதற்கு முன்னர் 2003இல், இதே பெயரில் விழிப்புணர்வுத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. மலையேறுவோர் ஏற்க வேண்டிய பொறுப்புகளாக அது பின்வருவனவற்றைக் கூறுகின்றது:

* தேவையான அறிவுடனும் கருவிகளுடனும் செல்லுதல்
* செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் தெரிவித்துச் செல்லுதல்
* குழுவாகப் புறப்பட்டவர்கள் குழுவாகவே திரும்புதல்
* நிலைமை மாறினால் திரும்பி வருதல்
* ஆபத்து நேரிடின் தம்மைத் தாமே மீட்டுக்கொள்ள ஆயத்தமாக இருத்தல்
* இவ்விதிகளைப் பிறருக்கும் எடுத்துரைத்தல்

பிற இடங்களில்

ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் மீட்புக்குப் பொதுவாகக் கட்டணம் பெறப்படுவதில்லை. பிரித்தானியாவில் தன்னார்வ மலை மீட்புக் குழுக்கள் பெரிதும் நன்கொடையைக் கொண்டு இலவசமாக இயங்குகின்றன. சுவிட்சர்லாந்தில் 1952இல் தொடங்கப்பட்ட ரேகா என்னும் வான்வழி மீட்பு அமைப்பு, ஆண்டு நன்கொடை செலுத்துவோருக்குக் காப்புறுதி ஈடுசெய்யாத மீட்புச் செலவைத் தள்ளுபடி செய்யக்கூடும்.

எம்முறை பின்பற்றப்பட்டாலும், உதவி கோரியவர் முன்னேற்பாடு செய்திருந்தாரா என்பதைப் பொறுத்து மீட்பாளர்கள் செல்வதை முடிவு செய்வதில்லை. நியூ ஹாம்ப்சயரிலும் முதலில் மீட்பு நடைபெறுகின்றது. கட்டணம் பற்றிய விசாரணை அதன் பின்னரே தொடங்குகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

* வாசிங்டன் மலை
* மலையேற்றம்
* உடல் வெப்பக்குறைவு
* பனிச்சரிவு