அரைப்பேரும் ஆட்டக்களமும்

ரக்பி இலங்கைக்கு வெள்ளைக்காரரோடு வந்தது. 1879இல் கொழும்பில் கழகம் கண்டது. பின்னர் டிக்கோயா, டிம்புள முதலிய தேயிலைப் பகுதிகளில் துரைமாரின் பொழுதுபோக்காயிற்று. 1891இல் கண்டி கிங்ஸ்வுட் கல்லூரி மாணவரிடமும் பந்து சேர்ந்தது. கண்டிக்கு வடக்கே, மாத்தளை மாவட்டத்து எல்கடுவ மலையில் கொழுந்தெடுப்பவரை எண்ணி வளர்ந்த ஆட்டமன்று அது.

ஆனால் அதே ரக்பியிலிருந்து ஒரு கிளை வேறு காரணத்தால் முளைத்தது. வட இங்கிலாந்தில் அதை ஆடியோர் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள். ஆட்டத்துக்காக இழக்கும் கூலிக்கு ஈடு கேட்டனர், கனவான்கள் மறுத்தனர். 1895 ஆகஸ்ட் 29ஆம் நாள் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் வடபுலக் கழகங்கள் பிரிந்தன. 'ரக்பி லீக்' என்பதன் மூலம் இதுவே. அரைநாட் கூலியை நம் தோட்டங்களில் 'அரைப்பேர்' என்பார்கள். அந்த அரைப்பேரில் பிறந்த ஆட்டம் என்றே நான் சொல்வேன்.

சக்கர நாற்காலி விளையாட்டோ போரின் காயத்தில் பிறந்தது. ஹிட்லரிடமிருந்து தப்பிவந்த மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்டோக் மண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு காயமுற்றோருக்கான பிரிவை ஏற்றார். 1948இல் அங்கே பதினாறு பேர் நாற்காலியில் இருந்தபடி வில்லெறிந்தனர். அவ்வழியில் வந்த நாற்காலி ரக்பி லீக், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருவாயிற்று. அணிக்கு ஐவர், ஆணும் பெண்ணும், ஊனமுற்றோரும் அல்லாதோரும் சேர்ந்து ஆடலாம். ஆளை வீழ்த்துவதற்குப் பதில் தோளில் ஒட்டிய பட்டையைப் பறிக்கவேண்டும். 2008இல் சிட்னியில் நடந்த முதல் உலகக் கோப்பை இங்கிலாந்துக்கு; 2013, 2017 இரண்டும் பிரான்சுக்கு; 2022 நவம்பரில் மான்செஸ்டரில் இங்கிலாந்து 28–24 என மீண்டும் வென்றது.

இத்தகைய நாட்டணிக்கு மருத்துவமனை, நாற்காலி, சமதரை, பயிற்சிக்கான ஓய்வுநாள் ஆகியவற்றுக்கு யாரேனும் பொறுப்பேற்றாக வேண்டும். இலங்கையில் காயமுற்ற வீரருக்கு இராணுவம் அப்பொறுப்பை ஏற்றது. டோக்கியோவில் 2021இல் ஈட்டியெறிதலில் தங்கம் வென்ற தினேஷ் பிரியந்த ஹேரத் இராணுவத்தினர். மகிழ்ச்சியே. ஆயின் மழையில் நனைந்த சரிவில் கூடையோடு வழுக்கி விழுந்தவருக்கு யார் பொறுப்பு? 1972, 1975 ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளுக்கு மாறியது. அவற்றுள் ஒன்று எல்கடுவவின் பெயரையே தாங்கியது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஊனமுற்றோர் பொதுக் கட்டடங்களுள் நுழைவதற்கான உரிமையைப் பேசுகிறது. மலைச்சரிவின் லயத்திலிருந்து அக்கட்டடத்துக்கு இறங்கவேண்டியது படிக்கட்டால்.

நாட்டணிக்கு ஆள் தேடுவோர் எல்கடுவவுக்கும் வரட்டும். லயத்திலிருந்து தார்வீதிவரை நாற்காலி உருளுமா என்றும், பயிற்சிக்குச் செல்லும் நாளுக்குப் பேர் போடுவார்களா என்றும் முதலில் விசாரிக்கட்டும்.