பாதியில் நின்ற பையனுக்கும் ஒரு அகராதி

இன்ஷூரன்ஸ் பாலிசி வைத்திருப்பவர்களுக்கு 'சரண்டர் வேல்யூ' என்றால் என்னவென்று தெரியும். இருபது வருஷம் கட்ட வேண்டிய பாலிசியை நடுவில் கட்ட முடியாமல் விட்டுவிட்டால், கட்டியதற்கு ஈடாகக் கைக்கு வரும் தொகை. ஆரம்பத்திலேயே விட்டவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தேறாது.

இந்தச் சொல்லை இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து எடுத்து ஆங்கிலப் பாடத்துக்குப் பொருத்தியவர் மைக்கேல் வெஸ்ட். 1888-இல் பிறந்த ஆங்கிலேயர். 1912-இல் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து வங்காளத்துக்கு வந்தார், பிறகு டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். இன்று நாம் கையில் வைத்திருக்கும் 'லேர்னர்ஸ் டிக்‌ஷனரி' வகை அகராதிகளின் வேர்களில் ஒன்று அந்த டாக்காவில்தான் இருக்கிறது. எளிய சொற்களில் விளக்கம், அதற்குக் கீழே எடுத்துக்காட்டு வாக்கியம் என்ற அமைப்பு எப்படி வந்தது, யாருக்காக வந்தது என்பதைப் பற்றியது இந்தக் குறிப்பு.

டாக்காவில் கேட்ட கேள்வி

வெஸ்ட் பார்த்த பிரச்சினை எளிமையானது. வங்காளத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் பையன்களில் பலர் கடைசி வகுப்பு வரை வருவதில்லை. பாடத்திட்டமோ கடைசி வரை வருகிறவனை மனதில் வைத்துப் போடப்பட்டது. முதல் சில வருஷம் அஸ்திவாரம், பிறகு சுவர், கடைசியில் கூரை. அஸ்திவாரத்தோடு நின்றுபோனவன் அந்த வீட்டில் குடியிருக்க முடியாது, இல்லையா? மூன்று நான்கு வருஷம் ஆங்கிலம் படித்துவிட்டு நின்றவனுக்கு ஒரு சின்னப் புத்தகத்தைக்கூடத் தானாகப் படிக்க வராது. அவனுடைய பாலிசிக்கு சரண்டர் வேல்யூ பூஜ்யம்.

1926-இல் இந்திய அரசின் கல்வித் துறை வெளியிட்ட 'பைலிங்குவலிசம்' என்ற நூலில் வங்காளத்து இருமொழிக் கல்வி பற்றி அவர் விரிவாக எழுதினார். எந்த வருஷத்தில் நிறுத்தினாலும் அதுவரை படித்தது பயன்பட வேண்டும் என்பது அவர் வாதம். கிராமத்துப் பையனுக்கு ஆங்கிலத்தில் பேச ஆள் கிடையாது. ஆனால் புத்தகம் கிடைத்தால் படிக்கலாம். அதனால் முதலில் வாசிப்பு, பேச்சு அப்புறம்.

இதில் காலனிய அதிகாரியின் கண்ணும் உண்டு. அறிவுக்கான நூல்கள் வங்காளியில் போதவில்லை, அதனால் ஆங்கிலம் வேண்டும் என்ற இடத்திலிருந்துதான் அவர் பேசினார். நூல்கள் போதவில்லை என்றால் வங்காளியிலேயே நிறைய நூல் எழுதவைத்திருக்கலாமே என்று நாம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனாலும் பாதியில் நிற்கிறவனை மையமாக வைத்துப் பாடத்தை யோசித்தது பெரிய விஷயம்.

அன்றைய வாசகப் புத்தகங்களை அவர் பிரித்துப் பார்த்தபோது இரண்டு குறைகள் தெரிந்தன. ஒன்று, புதுச் சொற்கள் மிக நெருக்கமாக வந்து விழுந்தன. இரண்டு, வந்த சொற்களில் பல அன்றாடப் புழக்கத்தில் இல்லாத இலக்கியச் சொற்கள். 'ஐலண்ட்' தெரியாத பையனுக்கு 'ஐல்' எதற்கு? 'பிஃபோர்' என்று சொல்லாமல் 'எர்' என்று ஏன் சொல்ல வேண்டும்? வெஸ்ட் தயாரித்த 'நியூ மெதட்' வாசகங்களில் பழஞ்சொற்களுக்குப் பதிலாகப் பொதுச் சொற்களைப் போட்டார். புதுச் சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டார். ஒரு புதுச் சொல் வந்தால், அடுத்தடுத்த பத்திகளில் அதையே பலமுறை திரும்ப வரவைத்தார். லாங்மன்ஸ் நிறுவனம் அவற்றை வெளியிட்டது.

எது பொதுச் சொல்?

சரி, எந்தச் சொல் பொதுச் சொல் என்று யார் முடிவு செய்வது? அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1921-இலேயே எண்ணிப் பார்த்திருந்தார். நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட எழுத்துகளை எடுத்து, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று ஆள் வைத்து எண்ணி, 10,000 சொற்களுக்குப் பட்டியல் போட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். அத்தனையும் கை எண்ணிக்கை.

எண்ணிக்கையிலும் சிக்கல் இருந்தது. எண்ணப்பட்டவற்றில் குழந்தை இலக்கியமும் பைபிளும் ஆங்கிலச் செவ்வியல் நூல்களும் கணிசம். டாக்கா பக்கத்துப் பையனின் வயலும் படகும் மழைக்காலமும் அந்தக் கணக்கைப் போட்டவர்களின் நினைவில் இல்லை. அதோடு, எழுத்து வடிவத்தை எண்ணினார்களே தவிர பொருளை எண்ணவில்லை. 'பேங்க்' என்றால் பணம் போடும் இடமும்தான், ஆற்றங்கரையும்தான். 'பேர்' என்றால் கரடியும்தான், தாங்கிக்கொள்வதும்தான். எல்லாம் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும்.

இதே வேலையில் வேறு சிலரும் இருந்தார்கள். 1922-இல் ஜப்பானுக்குப் போன ஹெரால்ட் பால்மர் அடுத்த வருஷமே டோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்தல் ஆய்வுக்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். சீனாவில் பணியாற்றிய லாரன்ஸ் ஃபாசெட் இன்னொருவர். 1934-இல் கார்னகி அறக்கட்டளையின் பணத்தில் நியூயார்க்கில் கூடிய மாநாட்டில் வெஸ்ட், பால்மர், ஃபாசெட், தார்ன்டைக் எல்லோரும் கலந்துகொண்டார்கள். எண்ணிக்கையை மட்டும் நம்பாமல், கற்பிக்கும் அனுபவத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவோடு 1936-இல் ஓர் இடைக்கால அறிக்கை வந்தது. அதைத் திருத்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் எந்தப் பொருள் எத்தனை சதவீதம் வருகிறது என்ற கணக்கையும் சேர்த்து, 1953-இல் வெஸ்ட் வெளியிட்டதுதான் 'ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்'. சுமார் 2,000 தலைச்சொற்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடநூல் எழுதுகிறவர்கள் கையில் இருந்த பட்டியல் இது.

இந்த இடத்தில் சார்லஸ் ஆக்டனின் 'பேசிக் இங்கிலிஷ்' பற்றியும் ஒரு வார்த்தை. 1930-இல் வந்தது, மொத்தமே 850 சொற்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வினைச்சொற்களை வெட்டி 'கெட்', 'புட்', 'டேக்' மாதிரியான சிலவற்றை வைத்தே எல்லாவற்றையும் சொல்லச் சொன்னால் என்ன ஆகும்? 'டாலரேட்' என்ற ஒரு சொல்லுக்குப் பதிலாக 'புட் அப் வித்' என்று மூன்று சொல் கற்க வேண்டும். மூன்றும் தனித்தனியே தெரிந்தாலும் சேர்த்தால் பொருள் பிடிபடாது. எண்ணிக்கை குறைந்தது, சுமை குறையவில்லை. வெஸ்ட் இதைக் கடுமையாக எதிர்த்தார்.

1,490 சொற்கள்

பட்டியலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வெஸ்ட் அதை வைத்துச் செய்த அகராதி. பழைய அகராதிகளில் ஒரு வட்டம் உண்டு. தெரியாத சொல்லைத் தேடினால் அதைவிடத் தெரியாத சொல்லில் விளக்கம் இருக்கும். அதைத் தேடினால் மூன்றாவது சொல். அதைத் தேடினால் மறுபடி முதல் சொல்லுக்கே கொண்டுவந்து விடும். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியில் 'நெட்வொர்க்' என்ற சொல்லுக்கு எழுதிய விளக்கம் இதற்காகவே இன்று வரை கேலி செய்யப்படுகிறது. ஏற்கெனவே ஆங்கிலம் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்ட அகராதி அப்படித்தான் இருக்கும்.

1935-இல் வெஸ்ட்டும் ஜேம்ஸ் எண்டிகாட்டும் வெளியிட்ட 'நியூ மெதட் இங்கிலிஷ் டிக்‌ஷனரி' இந்த வட்டத்தை உடைத்தது. சொற்களும் சொற்றொடர்களுமாக ஏறத்தாழ 24,000-க்கு விளக்கம். அத்தனை விளக்கங்களும் 1,490 சொற்களுக்குள். அந்த 1,490 தெரிந்தவருக்கு மிச்சம் எல்லாவற்றுக்கும் கதவு திறந்துவிட்டது. வாத்தியார் வேண்டாம், வகுப்பு வேண்டாம். பள்ளியை விட்டு நின்ற பையன் திண்ணையில் உட்கார்ந்து தானே மேலே போகலாம். சரண்டர் வேல்யூ என்று அவர் கேட்டதற்கு அவரே கண்ட பதில் என்று இதைச் சொல்வேன்.

1978-இல் வந்த லாங்மன் அகராதி சுமார் 2,000 சொற்களுக்குள் எல்லா விளக்கங்களையும் எழுதியபோது, அடிப்படையாக எடுத்துக்கொண்டது வெஸ்ட்டின் பட்டியலைத்தான்.

டோக்கியோவிலிருந்து வந்த வாக்கியங்கள்

விளக்கம் மட்டும் போதுமா? போதாது. தமிழ் வழியாக ஆங்கிலம் படித்த நமக்கு இது நன்றாகவே தெரியும். 'சஜஸ்ட்' என்றால் யோசனை சொல்வது. "அவனுக்குப் போகச் சொல்லி யோசனை சொன்னேன்" என்பதை நேரே கொண்டுபோய் 'ஐ சஜஸ்டட் ஹிம் டு கோ' என்போம். பொருள் சரி, வாக்கியம் தப்பு. 'டிஸ்கஸ்' என்றால் ஒன்றைப் பற்றிப் பேசுவது. 'பற்றி' இருக்கிறதே என்று 'டிஸ்கஸ் அபவுட்' என்போம். 'அட்வைஸ்' நிறைய சொன்னால் 'அட்வைசஸ்' ஆகிவிடும். ஆங்கிலம்-தமிழ் அகராதி சொல்லுக்குப் பொருள் தரும். அந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும், சேராது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது.

இந்த இடத்தைப் பிடித்தது டோக்கியோக் குழு. 1933-லேயே பால்மர் ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைத் திரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டார். அவரோடு சேர்ந்து வேலை செய்த ஏ.எஸ். ஹார்ன்பி, 1924-இல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்தவர். பால்மர் 1936-இல் நாடு திரும்பிய பிறகு, கேட்டன்பி, வேக்ஃபீல்டு இருவரோடும் சேர்ந்து அகராதி வேலையை முடித்தார். ஒவ்வொரு வினைச்சொல்லும் எந்த வாக்கிய அமைப்பில் வரும் என்பதை 25 வகையாகப் பிரித்துக் குறித்தார்கள். எண்ணக்கூடிய பெயர்ச்சொல் எது, எண்ண முடியாதது எது என்று அடையாளம் போட்டார்கள். 'அட்வைஸ்' ஏன் 'அட்வைசஸ்' ஆகாது என்பதற்கு விடை அந்த ஒரு சின்ன எழுத்தில் இருக்கிறது. அப்புறம் எடுத்துக்காட்டு வாக்கியங்கள்.

வேலை முடிந்த நேரம் பாருங்கள். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர். ஜப்பானும் பிரிட்டனும் எதிரி நாடுகள். ஹார்ன்பியைக் காவலில் வைத்தார்கள், பிறகு 1942-இல் கைதிகள் பரிமாற்றத்தில் அனுப்பினார்கள். அதே 1942-இல் டோக்கியோவில் கைதாகுஷா பதிப்பகம் அந்த அகராதியை வெளியிட்டது. எதிரி நாட்டு மொழிக்கு எதிரி நாட்டுக்காரர் செய்த அகராதி, போரின் நடுவில்! 1948-இல் அதையே ஆக்ஸ்ஃபோர்டு மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் என்ற பெயரில் இன்று நம் ஊர்ப் புத்தகக் கடைகளில் தடிமனாக நிற்பது அதன் வழிவந்ததுதான்.

1987-இல் வந்த கோபில்ட் அகராதி இன்னொரு படி போனது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில், கம்ப்யூட்டரில் சேர்த்த உண்மையான எழுத்தையும் பேச்சையும் வைத்து எழுதினார்கள். விளக்கமே முழு வாக்கியமாக வந்தது. 'ரிலக்டன்ட் = மனமில்லாத' என்று போடுவதற்குப் பதிலாக, 'நீங்கள் ஒன்றைச் செய்ய ரிலக்டன்ட் ஆக இருந்தால்…' என்று தொடங்கும் பாணி. படிக்கும்போதே சொல் எப்படிப் புழங்கும் என்பதும் காதில் விழுந்துவிடும்.

நடுவில் இருப்பவர்கள்

இதில் குறை இல்லையா? உண்டு. 2,000 சொற்களுக்குள் எல்லாவற்றையும் அடக்கினால் விளக்கம் சில நேரம் நீளும், சில நேரம் மழுங்கும். பறவை பெயர் எதைத் தேடினாலும் 'ஒருவகைப் பறவை' என்ற அளவில் நின்றுவிடும். நெருங்கிய பொருள் உள்ள இரண்டு சொற்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய கோடு அழிந்துபோகும்.

அதைவிடப் பெரிய விஷயம், 2,000 என்பது எல்லை அல்ல. ஜெனரல் சர்வீஸ் பட்டியலின் சொற்கள் பொதுவான ஆங்கில எழுத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அடைக்கும். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் ஐந்துக்கு ஒரு சொல் தெரியாமல் ஒரு பக்கத்தைப் படித்துப் பாருங்கள், நொண்டிக்கொண்டே போவீர்கள். கல்லூரிப் பாடநூல்களுக்காக 2000-இல் அவெரில் காக்ஸ்ஹெட் இன்னொரு பட்டியல் செய்தார். வெஸ்ட்டின் பட்டியலுக்கு வெளியே 570 சொற்குடும்பங்கள். அது கல்விசார் எழுத்தில் இன்னொரு 10 சதவீதத்தை அடைக்கும். உதவியில்லாமல் நாவலோ செய்தித்தாளோ படிக்க 8,000, 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்பது பால் நேஷனின் கணக்கு.

ஆக, இரண்டாயிரத்துக்கும் எட்டாயிரத்துக்கும் நடுவில் ஒரு நீண்ட பொட்டல் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் அங்கேதான் நிற்கிறோம். பள்ளி முடிந்துவிட்டது, வேலைக்கு வந்துவிட்டோம், வகுப்பு கிடையாது. வெஸ்ட் நினைத்த அந்தப் பையனின் நிலைதான்.

இந்த நிலையில் இருப்பவருக்கு மனப்பாடம் செய்ய இன்னொரு பட்டியல் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு லேர்னர்ஸ் அகராதியை எங்காவது பிரித்து ஒரு பக்கத்தின் விளக்கங்களை மட்டும் படியுங்கள். தலைச்சொல் தெரியாவிட்டாலும் விளக்கம் தடையில்லாமல் புரிந்தால் உங்கள் கையில் சாவி இருக்கிறது. இனி படிக்கப் படிக்கத் தானே வளரும். விளக்கத்திலேயே சொற்கள் இடறினால், முதலில் சேர்க்க வேண்டியது அந்த விளக்கச் சொற்களைத்தான், அரிய சொற்களை அல்ல. தேடிய சொல்லுக்கு விளக்கத்தோடு நிற்காமல் கீழே இருக்கும் வாக்கியத்தையும் எழுதிவையுங்கள். 'சஜஸ்ட்' மாதிரி சொற்கள் நம்மைக் கவிழ்ப்பது விளக்கத்தில் இல்லை, வாக்கியத்தில்தான்.

தமிழிலும் இந்த வேலை தொடங்கியிருக்கிறது. 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்றைய தமிழில் விளக்கமும் எடுத்துக்காட்டு வாக்கியமும் தந்தது. தமிழைப் பாதியில் விட்டுவிட்டு வெளியூரில் வளரும் பிள்ளைகள் இன்று ஏராளம். அவர்களுக்காக, இத்தனை சொல்லுக்குள்தான் விளக்குவேன் என்று கணக்கு வைத்துக்கொண்டு ஒரு சின்ன அகராதி எழுதினால் அதற்கு எத்தனை தமிழ்ச் சொற்கள் தேவைப்படும்? ஆயிரத்து ஐந்நூறு போதுமா? ஒரு நூறு சொற்களை எடுத்து விளக்கம் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். முடிந்தவரை எழுதிவிட்டு அடுத்த குறிப்பில் போடுகிறேன்.