தடம் மாறும் பிள்ளைகள்: பேராக் பெற்றோர் தட்ட வேண்டிய கதவுகள்

இடைநிலைப்பள்ளி மாணவன் தொடர்ந்து சில நாள் வகுப்புக்கு வராவிட்டால், பள்ளி வீட்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும். கடிதம் மலாயில் இருக்கும். விடியுமுன் செம்பனைக் காட்டுக்கோ தொழிற்சாலை பஸ்ஸுக்கோ ஓடும் அம்மா அதைச் சாமி மேடை ஓரத்தில் செருகி வைத்துவிடுவார். இரண்டாவது கடிதம் வரும், மூன்றாவதும் வரும். அதற்கடுத்து வருவது சில வீடுகளில் போலீஸ் நிலையத்துத் தொலைபேசி அழைப்பு.

பல குடும்பங்கள் உதவி தேடி அலையத் தொடங்குவது அந்த அழைப்புக்குப் பிறகுதான். உதவிகளில் பயனுள்ளவையோ அதற்கு முந்திய கட்டத்தில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசும் தேவையில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், லயத்து வீடுகளைக் காலி செய்த குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்ததும் பேராக் மக்களுக்குத் தெரிந்த கதை. தோட்டத்தில் ஒரு பையன் வகுப்புக்கு மட்டம் போட்டால் சாயங்காலத்துக்குள் அப்பா காதுக்குச் செய்தி போய்விடும். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாது. அந்த இடைவெளியில்தான் “அண்ணன்கள்” நுழைகிறார்கள். 2013 ஆகஸ்ட்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது, உறுப்பினர்களில் பத்தில் ஏழு பேர் இந்தியர் என்ற கணக்கும் சேர்ந்தே வந்தது.

முதல் கதவு பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. இடைநிலைப்பள்ளிகளில் 1996 முதல் முழுநேர ஆலோசக ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கட்டொழுங்கு ஆசிரியர் வேறு, ஆலோசக ஆசிரியர் வேறு. முன்னவர் தண்டனை பற்றிப் பேசுவார், பின்னவரின் வேலை பிள்ளையின் பேச்சைக் கேட்பது. முதல் கடிதம் வந்த வாரத்திலேயே, பள்ளி கூப்பிடும்வரை காத்திராமல், பெற்றோர் நேரில் போய் ஆலோசகரைக் கேட்டுச் சந்திக்கலாம். மலாய் சரளமாக வராவிட்டால் பேசத் தெரிந்த ஒரு மாமாவையோ அக்காவையோ கூட்டிப் போவதில் தவறில்லை.

இரண்டாவது கதவு சமூக நல இலாகா. மாவட்டந்தோறும் அதற்கு அலுவலகம் உண்டு. சுங்கை சிப்புட் குடும்பங்கள் கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தவை. தாப்பா, பீடோர், சுங்காய் ஆகியவை பத்தாங் பாடாங்கில் அடங்கும். ‘வெல்ஃபேரிடம் போனால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்’ என்ற பயம் இன்னும் இருக்கிறது. பாதுகாப்புக் கருதி அதிகாரி ஒரு பிள்ளையைத் தம் பொறுப்பில் எடுத்தாலும், 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும் என்கிறது சட்டம். பேச நினைப்பவர்கள் 15999 என்ற தாலியான் காசே எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். அந்த எண்ணைப் பிள்ளையே அழைக்கலாம் என்பதையும் வீட்டில் சொல்லி வைப்பது நல்லது.

போலீஸ் வரை போய்விட்டால்? இங்கேதான் பெற்றோர் பலர் தடுமாறுகிறார்கள். 2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் சிறார். அவர் கைதானால் போலீஸ் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். 2012 முதல் இயங்கும் தேசிய சட்ட உதவி அறவாரியம் கைது, தடுப்புக்காவல், ஜாமீன் ஆகிய கட்டங்களில் மலேசியக் குடிமக்களுக்கு இலவச வழக்கறிஞரைத் தருகிறது. 18 வயதுக்குட்பட்டவருக்கு வருமானச் சோதனை இல்லை. ‘அடகுக் கடைக்குப் போய் நகையை வைத்தால்தான் லாயர்’ என்று ஓடுவதற்கு முன் இதைக் கேட்டுப் பார்க்கலாம். பேராக் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் ஈப்போவில் உள்ளது.

சிறார் நீதிமன்றம் மூடிய அறையில் நடக்கும். மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு ஆலோசகர்கள் அமர்வார்கள், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பிள்ளையின் பெயரையோ படத்தையோ பத்திரிகை போடக்கூடாது. முகநூலில் உறவுக்காரர் போடுவதும் அதே தவறுதான். நீதிமன்றம் எதைத் தீர்மானித்தாலும் அதற்கு முன் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் படிக்கும். வீடு எப்படி, பள்ளி எப்படி, யாரோடு பழக்கம், பெற்றோர் ஒத்துழைக்கிறார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த அதிகாரி வீட்டுக்கு வரும் நாளில் அப்பா வேலைக்குப் போய்விடுவதும், அம்மா கோபத்தில் ‘இவனை எங்கேயாவது கொண்டுபோய்ப் போடுங்கள்’ என்று சொல்லிவிடுவதும் பிள்ளையின் வழக்கைப் பாதிக்கும்.

எச்சரித்து விடுவது, நன்னடத்தைப் பிணை, ஓராண்டு முதல் மூன்றாண்டு வரையிலான நன்னடத்தைக் கண்காணிப்பு எனப் பல உத்தரவுகள் நீதிமன்றத்தின் கையில் உண்டு. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் சமூகச் சேவை உத்தரவையும் சேர்த்தது. பிணையில் விடும்போது பெற்றோரும் பட்டறைக்கு வர வேண்டும் என்று உத்தரவிடலாம். கடைசிக் கட்டத்தில்தான் துனாஸ் பக்தி பள்ளி வருகிறது. அதில் ஒன்று தைப்பிங்கில் இருக்கிறது, அதை நடத்துவது சமூக நல இலாகா. மலாக்கா தெலோக் மாஸில் உள்ள ஹென்றி கர்னி பள்ளி சிறைத்துறையின் கீழ் வருவது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை அங்கே அனுப்ப முடியாது.

18 வயது நிரம்பியபின் செய்யும் குற்றத்துக்கு இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. கும்பல் விவகாரம் என்றால் 1959ஆம் ஆண்டு குற்றத்தடுப்புச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றி ஈராண்டு வரை தடுத்து வைக்கவும் வழி உண்டு. 16 வயதில் ‘இன்னும் சின்னப் பையன்தானே, சரியாகிவிடுவான்’ என்று தள்ளிப் போடுகிறவர்களுக்கு மிச்சமிருப்பது இரண்டே ஆண்டுகள்.

பள்ளியே வேண்டாம் என்று நிற்கும் பிள்ளைக்குக் கைத்தொழில் ஒரு வழி. மலேசியத் திறன் சான்றிதழ் படிப்பின் தொடக்க நிலைக்கு எஸ்பிஎம் தேவையில்லை, எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். ஈப்போவில் மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. தஞ்சோங் மாலிமைத் தாண்டிச் சிலாங்கூர் எல்லைக்குள் நுழைந்தால் களும்பாங். அங்குள்ள மைஸ்கில்ஸ் அறவாரியத்தை 2011இல் தொடங்கியவர் வழக்கறிஞர் பசுபதி. பள்ளியை விட்ட, சிக்கலில் மாட்டிய இந்திய இளைஞர்களைத் தங்கவைத்துத் தொழிலோடு ஒழுங்கையும் கற்றுத் தருவது அதன் முறை. பழைய நண்பர் வட்டத்திலிருந்து பிள்ளையைத் தள்ளி வைக்க முடிகிறது என்பதே சில பெற்றோருக்குப் பெரிய ஆறுதல்.

சில பிள்ளைகளின் முரட்டுத்தனத்துக்குப் பின்னால் மனச்சோர்வோ போதைப்பழக்கமோ இருக்கும். பேராக்கில் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்ற ஊர்ப்பெயரே கேலிச் சொல்லாகிவிட்டதால், 1911 முதல் அங்கு இயங்கும் பஹாகியா மருத்துவமனையின் பெயரைக் கேட்டாலே வீடு அதிரும். நேராக அங்கே போக வேண்டியதில்லை. அரசாங்கக் கிளினிக்கில் தொடங்கலாம், தேவைப்பட்டால் டாக்டரே கடிதம் கொடுத்து அனுப்புவார். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே போலீஸுக்குப் பயந்து அப்படிப்பட்ட பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்க வேண்டாம். பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணில் 24 மணி நேரமும் ஆள் உண்டு. ஈப்போவிலும் அந்த அமைப்பு இயங்குகிறது. போதைப்பொருள் என்றால், பிடிபடும் முன்பே தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்திடம் தானே முன்வந்து சிகிச்சை கேட்க முடியும்.

பல கதவுகளில் முதலில் கேட்கப்படுவது அடையாள அட்டை. கோயிலில் தாலி கட்டி, திருமணத்தைப் பதியாமல் விட்ட குடும்பங்களில் பிறந்த சில பிள்ளைகளுக்கு 12 வயதில் எடுக்க வேண்டிய மைகார்டு கிடைப்பதில் சிக்கல் வருகிறது. அப்படியானவர்கள் பிறப்புச் சான்றிதழ், பிரசவித்த மருத்துவமனையின் அட்டை, தாயின் அடையாள அட்டை, ஆரம்பப்பள்ளிப் பதிவு என்று கையில் இருப்பதையெல்லாம் ஒரே கோப்பில் சேர்த்துக்கொண்டு முதலில் தேசியப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும்.