462 வாக்குகளும் ஒரு கைப்பேசியும்

நான் கேமரன் மலை, கம்போங் ராஜாவிலிருந்து வருகிறேன். "இணையம் வந்துவிட்டது, இனி வேட்பாளர் வீடு வீடாக நடக்க வேண்டாம்" என்று எதிரணி நண்பர் அடித்துச் சொன்னார். கொஞ்சம் பொறுங்கள் ஐயா, நடந்த கதையைப் பார்ப்போம்.

1996இல் பல்லூடகப் பெருவழித் திட்டத்தைத் தொடங்கியபோது, இணையத்தைத் தணிக்கை செய்வதில்லை என்று பிரதமர் மகாதீர் வாக்களித்தார். முதலீட்டாளர்களுக்காகத் தந்த வாக்கு, பயன்பட்டதோ அரசியலுக்கு! நாளிதழ் நடத்த உரிமம் வேண்டும், இணையத்தளத்துக்கு வேண்டாம். 1998இல் அன்வார் பதவி நீக்கப்பட்டதும் சீர்திருத்தத் தளங்கள் முளைத்தன. 1999 நவம்பரில், பொதுத்தேர்தலுக்குச் சில நாள் முன்பு, மலேசியாகினி பிறந்தது. தோட்டத்து லயங்களில் அப்போது கணினி ஏது? பட்டணத்தில் அச்செடுத்து, நகலெடுத்து வந்த தாள்தான் பலருக்கு இணையம்.

நம்மவர்களை அது உலுக்கியது 2007 நவம்பர் 25இல். கோலாலம்பூர் ஹிண்ட்ராஃப் பேரணியில் கண்ணீர்ப்புகையும் நீர்ப்பீரங்கியும் பாய்ந்த படங்கள் இணையத்தில் ஓடின, குறுஞ்செய்திகள் பறந்தன. 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கமுந்திங்கில் அடைபட்டிருந்த மனோகரன், ஒரு வீட்டுப் படி ஏறாமலே கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். நண்பர் கட்சிக்கு நானே ஒரு சான்று தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்! இணையப் பிரச்சாரத்தை அலட்சியம் செய்தது பெருந்தவறு என்று பிரதமர் அப்துல்லா படாவியே பின்னர் ஒப்புக்கொண்டார்.

2013இல் இரு தரப்பும் முகநூலில் இறங்கின. எங்கள் கேமரன் மலையில் ம.இ.கா. தலைவர் பழனிவேல், ஜ.செ.க.வின் மனோகரனை (இவர் வேறு மனோகரன்) வென்றது வெறும் 462 வாக்குகளில். 2018இல், புலனக் குழுக்கள் பெருகிய காலத்தில், ம.இ.கா.வின் சிவராஜ் அதே மனோகரனை வென்றது 597 வாக்குகளில்.

இவ்வளவு சிறிய இடைவெளியில் ஒரு பொய்ச் செய்தி போதாதா? தேர்தல் துண்டறிக்கையில் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இருக்கவேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். இரவு பத்து மணிக்குத் தேயிலை கிள்ளும் அம்மாவின் கைப்பேசிக்கு வரும் குரல்பதிவுக்கு யார் பெயர்? பேரன் அனுப்பினான், அதனால் நம்புகிறார்.

ஆனால் அந்த 2018 தேர்தல் எதனால் கவிழ்ந்தது தெரியுமா? இணையத்தால் அல்ல. பூர்வக்குடி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதாகக் கண்ட தேர்தல் நீதிமன்றம், நவம்பர் 30இல் வெற்றியைச் செல்லாததாக்கியது. இத்தனை தொழில்நுட்பம் வந்த பிறகும் கைக்குக் கை போன காசு!

2019 ஜனவரி 26 இடைத்தேர்தலில் தேசிய முன்னணி நிறுத்தியது பூர்வக்குடியினரான ரம்லி முகமட் நோரை. 3,238 வாக்குப் பெரும்பான்மை. மக்களவைக்குச் சென்ற முதல் பூர்வக்குடி உறுப்பினர் அவர். முகநூலில் தேடிப் பிடித்தா அந்த மக்கள் அவரைத் தெரிந்துகொண்டார்கள், நண்பரே?